கொட்டியாரத்துத் தொப்பியும் ஒற்றைக் கண்ணியும்

எனக்கு நிற்றிங் தெரியும். பள்ளிக்கூடத்தில் மனையியல் ரீச்சர் பழக்கினது. இரண்டு ஊசி, ஒரு பந்து ஊல், கடைசியில் ஒரு குழந்தைத் தொப்பி. திருகோணமலை வெயிலுக்கு ஊல் எதற்கு என்று கேட்பீர்கள். எங்கட பக்கத்தில் பிள்ளை பிறந்தால் தலையில் தொப்பி, காலில் மேஸ் போட்டுத்தான் ஆட்களுக்குக் காட்டுவார்கள். அதனால் ஊல் பின்னத் தெரிந்த ஆளுக்கு வருசம் முழுக்க வேலை இருக்கும்.

போன வருசக் கடைசியில் குரோஷே பழக வெளிக்கிட்டேன். இரண்டு ஊசியில் பின்னுகிற எனக்கு ஒற்றைக் கொக்கி ஊசி பெரிய விசயமா என்ற நினைப்பு. எங்கட ஒழுங்கையில் இருக்கிற அன்ரி ஒருவர்தான் பழக்கினார். முதல் நாள் இருபது கண்ணியில் தொடங்கினேன். சதுரமாக வரவேண்டிய துண்டு மேலே போகப்போக ஒடுங்கி, பத்தாவது வரிசையில் முக்கோணமாக நின்றது. அன்ரி அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “இது என்ன பிள்ளை, கோயில் கொடியோ?” என்று கேட்டார்.

அந்த முக்கோணத்தில் தொடங்கின தேடல்தான் இந்தக் கட்டுரை. நிற்றிங் தெரிந்த கைக்குக் குரோஷே ஏன் இடறுகிறது என்று பார்க்கப் போனேன். அது கடைசியில், கையால் செய்கிற வேலைக்கு யார் விலை வைத்தார்கள், யார் வைக்கவில்லை என்ற இடத்தில் கொண்டுபோய் விட்டது. இதில் நான் எதிர்பாராத ஒன்றும் இருந்தது. கதையின் ஒரு முனை எங்கட துறைமுகத்துக்கு எதிர்க்கரையிலேயே கிடந்தது.

முடிச்சு, கண்ணி, கொக்கி

முதலில் இந்தக் கைவேலைகளின் வித்தியாசத்தைப் பார்த்துவிடுவோம். திருக்கடலூர்ப் பக்கம் காலையில் போனால் வலை பொத்துகிற ஆட்களைப் பார்க்கலாம். அவர்கள் கையில் இருப்பது நூல் சுற்றிய ஒரு தட்டையான ஊசி. ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு முடிச்சுப் போடுகிறார்கள். ஒரு கண்ணி அறுந்தால் அந்த இடத்தில் மட்டும்தான் ஓட்டை. மற்றக் கண்ணியெல்லாம் முடிச்சில் இறுகி நிற்கும். மீன் துள்ளினாலும் வலை பிரியாமல் இருப்பது அதனால்தான்.

நிற்றிங்கில் முடிச்சே இல்லை. ஒரு கண்ணிக்குள்ளால் இன்னொரு கண்ணியை இழுக்கிறோம், அவ்வளவுதான். ஒரு வரிசையில் நாற்பது கண்ணி என்றால் நாற்பதும் ஒரே நேரத்தில் ஊசியில் உயிரோடு தொங்கிக்கொண்டிருக்கும். ஊசி நழுவினால் கதை முடிந்தது. விழுந்த கண்ணி ஏணிப்படி மாதிரிக் கீழே ஓடும்.

குரோஷேயில் உயிரோடு இருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணி. கொக்கியில் மாட்டியிருக்கிற அந்த ஒன்று மட்டும்தான். மற்றதெல்லாம் முடிந்துபோனவை. கையை விட்டுவிட்டுப் போய்த் தேத்தண்ணி குடித்து வந்தாலும் ஒன்றும் குலையாது. கேட்கச் சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் நிற்றிங் பழகின ஆளுக்குச் சிக்கலும் இங்கேதான்.

நிற்றிங்கில் அடுத்து எந்தக் கண்ணிக்குள் போவது என்று யோசிக்கத் தேவையில்லை. ஊசியே வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும். குரோஷேயில் அந்த இடத்தை நீங்களேதான் தேடவேண்டும். முந்தின வரிசையின் மேல்விளிம்பில் சின்னச் சின்ன ‘வீ’ வடிவங்கள் படுத்திருக்கும். அதன் இரண்டு இழைக்கும் கீழால் கொக்கியை விடவேண்டும். நான் ஒரு இழையை மட்டும் பிடித்தேன். வரிசைக் கடைசியில் ஒளிந்திருந்த கண்ணியை ஒவ்வொரு தடவையும் தவறவிட்டேன். வரிசைக்கு ஒன்று குறைந்தால் முக்கோணம் வராமல் வேறென்ன வரும்?

இன்னொன்று கைப்பழக்கம். எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் பழக்கினது வலது கையால் நூலைச் சுற்றிப் போடுகிற முறை. குரோஷேயில் வலது கை கொக்கிக்கு, நூல் இடது கைக்கு. பல வருசம் ஓய்வெடுத்த இடது கைச் சுட்டுவிரல் திடீரென்று நூலை இழுத்துப் பிடிக்கவேண்டும். முதல் வாரம் என் சங்கிலி எல்லாம் இறுகி, கொக்கி நுழையாத கல்லாக இருந்தது.

பெயர்களும் குழப்பம். அன்ரி ‘டபிள் குரோஷே’ என்று சொல்வதை யூரியூப் அக்கா ‘சிங்கிள்’ என்கிறார். இவருடைய ‘டிரெபிள்’ அவருக்கு ‘டபிள்’. பிறகுதான் விளங்கினது. அன்ரியினுடையது பிரித்தானியப் பெயர், யூரியூப்பினுடையது அமெரிக்கப் பெயர். இலங்கையில் இந்த வேலையை யார் மூலம் படித்தோம் என்பது அன்ரியின் வாயிலேயே இருக்கிறது.

எதிர்க்கரையில் பிடிபட்ட மாலுமி

இனித் துறைமுகத்துக்கு எதிர்ப்பக்கம் வருவோம். திருகோணமலை நகரத்திலிருந்து தெற்கே பார்த்தால் கொட்டியாரக் குடா. அதன் கரையில் மூதூர். 1660இல் கிழக்கிந்தியக் கம்பனியின் ‘ஆன்’ என்ற கப்பல் இந்தக் குடாவில் நங்கூரம் போட்டிருந்தது. சோழமண்டலக் கரையில் அடித்த புயலில் அதன் பெரிய பாய்மரம் போய்விட்டது. மரத்தைச் சரிப்படுத்தவும் கொஞ்சம் வியாபாரம் பார்க்கவும் இங்கே வந்தார்கள். கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் கப்பித்தானையும் அவருடைய ஆட்கள் சிலரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். கப்பித்தானின் பெயர் றொபேட் நொக்ஸ். கூடப் பிடிபட்ட மகனுக்கும் அதே பெயர். மகனுக்கு அப்போது 19 வயது.

அடுத்த வருசமே தகப்பன் காய்ச்சலில் செத்துப்போனார். மகன் கிட்டத்தட்ட 20 வருசம் கண்டி இராச்சியத்தில் இருந்தான். 1679இல் மன்னார்ப் பக்கம் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பி ஓடினான். 1681இல் இலண்டனில் அவன் வெளியிட்ட புத்தகம் இலங்கை வரலாற்றில் ஆர்வம் உள்ள எல்லோருக்கும் தெரிந்தது. அவனைப் பிடித்த இடம் என்று சொல்லப்படுகிற புளியமரத்தடியில், மூதூரில், 1893இல் ஒரு நினைவுக்கல் வைத்தார்கள். மூதூருக்குப் போன எத்தனை பேர் அதைப் பார்த்திருப்போம் தெரியாது.

இந்தப் புத்தகத்தை நாங்கள் படிப்பது அரசனைப் பற்றியும் சனங்களின் பழக்கவழக்கங்களைப் பற்றியும் அறிய. அதற்குள் ஒரு பின்னல் கதையும் இருக்கிறது. சிறைப்பட்ட வெள்ளைக்காரரை ஊர் ஊராகப் பிரித்து வைத்தார்கள். சாப்பாடு கொடுப்பது ஊர்க்காரர் பொறுப்பு. உடுப்பு மட்டும் ஒருவரும் கொடுக்கவில்லை. கொண்டுவந்த உடுப்புக் கிழிந்து போனதும் மாலுமிகள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தொப்பி பின்னப் பழகினார்கள். ஊரில் கிடைத்த பருத்தி நூலில் நிற்றிங் செய்து, தொப்பியைச் சனத்துக்கு விற்றார்கள்.

நொக்ஸ் கணக்கையும் எழுதி வைத்திருக்கிறான். நன்றாகப் பின்னின ஒரு தொப்பியின் விலை ஒன்பது பென்ஸ் பெறுமதி. அதற்குப் போன நூல் மூன்று பென்ஸ். அதாவது விலையில் மூன்றில் ஒரு பங்கு நூலுக்கு, மற்ற இரண்டு பங்கும் கைக்கு. பிறகு என்ன நடந்தது என்பதும் அதில் இருக்கிறது. எல்லோரும் விழுந்து விழுந்து பின்னினார்கள். தொப்பி ஊரெல்லாம் பெருகிப்போனது. பழைய விலைக்கு ஒருவரும் வாங்கவில்லை. சிலருடைய பாடு திண்டாட்டமானது. நொக்ஸ் மட்டும் நெல் வட்டிக்குக் கொடுப்பது, பன்றி கோழி வளர்ப்பது, ஊர் ஊராகச் சாமான் விற்பது என்று தொழிலைப் பெருக்கிக்கொண்டான். கடைசியில் தப்பி ஓட உதவினதும் அந்தச் சாமான் மூட்டைதான். வியாபாரி வேசத்தில் போன ஆளை ஒருவரும் சந்தேகப்படவில்லை.

இதை வாசித்தபோது எனக்கு உறைத்தது ஒரு விசயம். நொக்ஸ் ஒரு இடத்திலும் இதைப் பொழுதுபோக்கு என்று எழுதவில்லை. தொழில் என்றுதான் எழுதுகிறான். நூலுக்கு இவ்வளவு, கைக்கு இவ்வளவு என்று பிரித்துப் பார்க்கிறான். அந்தக் காலத்து ஐரோப்பாவில் நிற்றிங் ஆண்களுக்கும் தெரிந்த வேலைதான். சில நகரங்களில் அதற்கென்று கைவினைஞர் சங்கங்களும் இருந்தன. பின்னல் பெண்களின் ‘சும்மா இருக்கிற நேரத்து’ வேலை என்ற எண்ணம் இயற்கையாக வந்ததில்லை. யாரோ எங்கேயோ கட்டி எழுப்பினதுதான்.

ரேந்தை எங்கிருந்து வந்தது?

கொக்கி ஊசிக்கு முன்னமே எங்கட கரைக்கு நூல்வேலைச் சொற்கள் வந்துவிட்டன. பாவாடை விளிம்பில் தைக்கிறதை நாங்கள் ரேந்தை என்கிறோம். அது போர்த்துக்கேயரின் ‘ரெண்டா’. மேஸ் அவர்களின் ‘மெயாஸ்’. லேஞ்சி அவர்களின் ‘லென்சு’. பொத்தானும் அவர்களுடையதுதான். 1620களில் கோணேசர் கோயிலை இடித்துக் கோட்டை கட்டினவர்களின் மொழி எங்கட அலுமாரிக்குள் இன்றைக்கும் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. ‘அலுமாரி’கூட அவர்கள் சொல்தான்! பாலையூற்றில் இருக்கிற பறங்கியர் குடும்பங்களில் வயதானவர்கள் சிலர் இன்றும் போர்த்துக்கேயக் கிரியோல் பேசுகிறார்கள்.

தெற்கே காலி, வெலிகமப் பக்கம் சிங்களப் பெண்கள் செய்கிற ‘பீரலு’ ரேந்தையும் இதே வழிதான். ஒரு தலையணையில் ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சின்ன மரக்கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுச் செய்வது அது. ‘பீரலு’ என்ற பெயரும் அந்த மரக்கட்டைக்கான போர்த்துக்கேயச் சொல்லில் இருந்து வந்தது.

ஆனால் குரோஷே இவற்றைவிட வயதில் மிகவும் இளையது. நிற்றிங் செய்த காலுறைகள் எகிப்தில் ஆயிரம் வருசப் பழமையோடு கிடைத்திருக்கின்றன. குரோஷேக்கு 1800க்கு முன்னர் உறுதியான சான்றே இல்லை என்கிறார் டென்மார்க் ஆய்வாளர் லிஸ் பலூடன். அச்சில் வந்தவற்றில் இதுவரை தெரிந்த பழைய குரோஷே மாதிரிகள் 1823இல் ‘பெனலோப்பே’ என்ற ஒல்லாந்துச் சஞ்சிகையில் வந்தவை.

எங்கிருந்து முளைத்தது என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. அதில் ஒன்று எங்களுக்கு மிகவும் பழக்கமானது. இப்போது கலியாண பிளவுஸ் என்றாலே ஆரி வேர்க்தானே? சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, நுனியில் கொக்கி உள்ள ஊசியால் மேலிருந்து குத்தி, கீழே இருக்கிற நூலைக் கொளுவி மேலே எடுப்பார்கள். வருவது சங்கிலித் தையல். கட்ச் பகுதியில் செருப்புத் தைக்கிற மோச்சி சாதியினர் தோல் தைக்கிற குத்தூசியில் இருந்து வளர்த்தெடுத்த வேலை இது. இந்த மாதிரிக் கொக்கித் தையல் 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் போய், அங்கே சீமாட்டிகளின் பொழுதுபோக்கானது. அந்தச் சங்கிலித் தையலில் இருந்து துணியை எடுத்துவிட்டுக் காற்றிலேயே பின்னினால் வருவதுதான் குரோஷே என்பது பலர் ஏற்கிற விளக்கம்.

அப்படியானால் செருப்புத் தைக்கிறவரின் கருவி சீமாட்டி கைக்குப் போய், பிறகு பாட்டுப் பாடமாகவும் தையல் பாடமாகவும் பொதிசெய்யப்பட்டு எங்கட பள்ளிக்கூடத்துக்கே திரும்பி வந்திருக்கிறது. வரும்போது அதன் பழைய சொந்தக்காரனின் பெயர் மட்டும் வரவில்லை.

மெஷினுக்குப் பிடிபடாத கை

1589இல் இங்கிலாந்தில் வில்லியம் லீ என்ற பாதிரியார் காலுறை பின்னுகிற மெஷினைக் கண்டுபிடித்தார். அதன் சூட்சுமம் இலேசானது. நிற்றிங்கில் எல்லாக் கண்ணியும் ஒரே மாதிரி, ஒரே திசையில் இழுபடுகின்றன. அதனால் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒவ்வொரு கொக்கியை வைத்து, ஒரே தட்டில் முழு வரிசையையும் இழுத்துவிடலாம். அன்றைக்குத் தொடங்கினது, இன்றைக்கு நாங்கள் போடுகிற டீசேர்ட் வரைக்கும் அந்தப் பின்னல்தான். 1809 அளவில் ஜோன் ஹீத்கோட் வலைத்துணி செய்கிற மெஷினுக்குக் காப்புரிமை எடுத்தார். கொஞ்சக் காலத்தில் கைரேந்தைக்காரரின் பிழைப்பில் மண் விழுந்தது. எங்கட கடலிலும் இது நடந்திருக்கிறது. 1950களின் கடைசியில் இருந்து நைலோன் வலை வந்தபிறகு, பருத்தி நூலில் முழு வலையையும் கையால் பின்னுகிற வேலை மெல்ல மெல்லப் போய்விட்டது. இப்போது கைக்கு மிஞ்சியிருப்பது கிழிந்ததைப் பொத்துவதுதான்.

குரோஷே மட்டும் அகப்படவில்லை. கொக்கி ஒவ்வொரு தடவையும் முடிந்துபோன துணிக்குள் இடம் பார்த்து நுழையவேண்டும். கீழேயும் பக்கவாட்டிலும் ஒரே நேரத்தில் கொளுவவேண்டும். நான் முக்கோணம் பின்னினதற்கு எது காரணமோ அதுவேதான் மெஷினுக்கும் தடை. ஆய்வுகூடங்களில் முயற்சிகள் நடக்கின்றன. வணிக அளவில் உண்மையான குரோஷே செய்கிற மெஷின் இன்னும் இல்லை. குரோஷே மாதிரித் தெரிகிற சில துணிகளை வேறு பின்னல் மெஷின்கள் செய்யும், அது வேறு கதை. ஆனால் உண்மையான குரோஷே சட்டை ஒன்று கடையில் தொங்கினால், அதை ஒரு மனிசர் கண்ணி கண்ணியாக இருந்து பின்னியிருக்கிறார். அது மலிவாகக் கிடக்கிறது என்றால் அந்தக் கைக்கு என்ன கிடைத்திருக்கும் என்று யோசிக்கலாம்.

மெஷினால் முடியாத வேலைக்கு விலை கூடத்தானே வேண்டும்? வரலாறு அப்படிப் போகவில்லை.

அயர்லாந்தைப் பாருங்கள். 1845இல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகி, அடுத்த சில வருசங்களில் பத்து லட்சம் அளவில் சனம் செத்தது. அதே அளவு சனம் கப்பலேறினது. அந்தப் பஞ்சத்தில் கன்னியர் மடங்களும் பாதிரிமாரின் மனைவிமாரும் குரோஷே பழக்கினார்கள். ஒரு கொக்கியும் நூலும் போதும், முதல் தேவையில்லை. பழைய வெனிஸ் ரேந்தையைப் போலத் தெரியும், ஆனால் அதைவிட வேகமாக முடியும். ஒரு வீட்டில் ரோசாப்பூ, இன்னொரு வீட்டில் இலை என்று தனித்தனியாகப் பின்னி, பிறகு ஒன்றாகச் சேர்த்தார்கள். இந்த வேலை பல குடும்பங்களைப் பஞ்சத்தில் இருந்து காப்பாற்றினது உண்மை. ‘வறியவர்களுக்கான உதவி’ என்ற பெயர் இந்த வேலையில் ஒட்டிக்கொண்டதும் உண்மை. உதவி என்று வந்தபிறகு விலை பேச வாய் வராது.

நாகர்கோவில், இடையன்குடி, நரசாபுரம்

எங்கட பெண் பிள்ளைகளின் கைக்கு ஊசி வந்ததும் மிஷன் பள்ளிக்கூடம் வழியாகத்தான். 1824இல் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹரியற் வின்ஸ்லோ உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். வாசிப்போடு தையலும் அங்கே பாடம். ஆனால் நூல்வேலை காசாக மாறின கதைக்குப் பாக்குநீரிணையைத் தாண்டவேண்டும்.

1820களின் தொடக்கத்தில் நாகர்கோவிலில் இலண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ற் பெண் பிள்ளைகளுக்கு ரேந்தை பின்னப் பழக்கினார். இது குரோஷே இல்லை, காலியில் செய்கிற மாதிரித் தலையணை ரேந்தை. திருவிதாங்கூரில் அப்போது அடிமை முறை இருந்தது. ரேந்தையில் உழைத்த காசைக் கொடுத்து அடிமைத்தனத்தில் இருந்து தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் இருந்தார்கள் என்று மிஷன் வரலாறு சொல்கிறது. இதை ஒருக்கா நிறுத்தி யோசித்துப் பார்க்கவேணும். அதே மண்ணில் நாடார் பெண்கள் தோளில் சீலை போடுவதற்குத் தடை இருந்தது. அவர்கள் அடிபட்டுப் போராடி 1859இல்தான் அரச கட்டளை வந்தது. தங்கட மேலுக்குத் துணி போட உரிமை கேட்டுப் போராடின ஊரில் இருந்துகொண்டு, ஐரோப்பியச் சீமாட்டிகளின் சட்டைக் கழுத்துக்குப் பெண்கள் ரேந்தை பின்னியிருக்கிறார்கள்.

மார்த்தாவின் மகள் எலைசா. நாகர்கோவிலிலேயே பிறந்தவர். 1844இல் கலியாணம் கட்டி இடையன்குடிக்குப் போனார். அங்கே பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்து ரேந்தையும் பழக்கினார். கணவரின் பெயரைச் சொன்னால் எல்லோருக்கும் தெரியும்: றொபேட் கால்டுவெல். 1856இல் வந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தைப் பற்றி நாங்கள் கட்டுரை கட்டுரையாக எழுதுகிறோம். சென்னை மெரினாவில் அவருக்குச் சிலை இருக்கிறது. எலைசாவின் பெயரைத் தேடித்தான் பிடிக்கவேண்டும்.

குரோஷே உண்மையாகவே பெரிய தொழிலான இடம் ஆந்திராவில் கோதாவரிக் கழிமுகத்தில் இருக்கிற நரசாபுரம். அங்கேயும் 19ஆம் நூற்றாண்டில் மிஷனரிமார்தான் தொடங்கினார்கள். பிறகு வேலை உள்ளூர் வியாபாரிகளின் கைக்குப் போனது. 1970களின் கடைசியில் மரியா மீஸ் என்ற ஜெர்மன் சமூகவியலாளர் அங்கே போய் ஆய்வு செய்தார். 1982இல் ‘நரசாபுரத்து ரேந்தைக்காரிகள்’ என்ற பொருளில் புத்தகம் வந்தது.

அவர் கண்டது இதுதான். வியாபாரியின் ஆள் நூலைக் கொண்டுவந்து கொடுப்பார். பெண்கள் வீட்டில் இருந்து பின்னுவார்கள். அயர்லாந்து மாதிரியே ஒருவர் பூப் பின்ன, இன்னொருவர் பொருத்துவார். சமையல், பிள்ளை வளர்ப்பு எல்லாம் முடித்து, நாளுக்கு ஆறு ஏழு மணித்தியாலம் கொக்கி பிடித்தாலும் கிடைத்தது சட்டம் சொல்கிற ஆகக்குறைந்த கூலியிலும் மிகக் குறைவு. வயலில் கூலிக்குப் போன தலித் பெண்களுக்கு இவர்களைவிடக் கூடக் கிடைத்தது. ஆனாலும் இவர்கள் வெளியே போகவில்லை. காப்பு சாதிப் பெண்கள் வீட்டுக்குள் இருப்பதுதான் மரியாதை. அந்த மரியாதைதான் வியாபாரிக்கு முதல். ஏற்றுமதி செய்த ஆண்கள் வியாபாரிகள். ஏற்றுமதியாகிற பொருளைச் செய்த பெண்கள் ‘வீட்டில் சும்மா இருக்கிற’ மனைவிமார். அரசாங்கக் கணக்கெடுப்பில்கூட இவர்கள் தொழிலாளர் என்று சரியாகப் பதிவாகவில்லை.

2024இல் நரசாபுரம் குரோஷேக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல விசயம். அது ஊரின் பெயரைக் காப்பாற்றும். கண்ணிக்கு விலை வைப்பது அதன் வேலை இல்லை.

இப்போது நொக்ஸைத் திரும்ப எடுத்து இவர்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவனும் வீடு தங்கி, ஊர் தருகிற சோற்றைச் சாப்பிட்டுப் பின்னினவன்தான். வெளியேற முடியாத கைதி. ஆனால் நூலை அவனே வாங்கினான், தொப்பியை அவனே விற்றான், விலையை அவனே எழுதினான். விலை விழுந்தபோது விழுந்தது என்றும் அவனால் எழுத முடிந்தது. வித்தியாசம் பின்னலில் இல்லை. நூலும் விலையும் கணக்கும் யார் கையில் என்பதில் இருக்கிறது.

என்னுடைய கணக்கு

இதையெல்லாம் படித்துவிட்டு நான் புத்திசாலியாகிவிட்டேன் என்று நினைக்கவேண்டாம். முக்கோணம் சதுரமாகி, சதுரம் வட்டமாகி, ஒருமாதிரிக் குரோஷேயில் ஒரு குழந்தைத் தொப்பி முடித்தேன். வரிசைக் கடைசிக் கண்ணியில் ஒரு சேஃப்டி பின்னைக் கொளுவி வைத்தால் தவறாது என்று அன்ரி சொல்லித் தந்ததுதான் வழி காட்டினது. நிற்றிங்கில் இருந்து வருகிற எல்லோருக்கும் அதையே சொல்லுவேன். கண்ணியை எண்ணுங்கோ, கடைசிக் கண்ணிக்கு அடையாளம் வையுங்கோ, சங்கிலியை இளக்கமாகப் போடுங்கோ, குரோஷேக்கு நூல் கூடப் போகும் என்பதையும் மனதில் வைத்திருங்கோ.

தொப்பிப் படத்தை வட்சப் ஸ்ரேற்றஸில் போட்டேன். தெரிந்த அக்கா ஒருவர் தன்ர பிள்ளைக்கு ஒன்று கேட்டார். இரண்டு பின்னேரம் இருந்து பின்னிக் கொடுத்தேன். “எவ்வளவு?” என்று கேட்டார். எனக்கு நாக்கு எழவில்லை. “ஊல் காசு மட்டும் தாங்கோ அக்கா, நான் சும்மா இருந்த நேரத்திலதானே செய்தனான்” என்று சொல்லிவிட்டேன். சொல்லி முடியும்போதே எனக்கு விளங்கிவிட்டது, இந்த வசனம் என்னுடையது இல்லை என்று.

அன்ரியிடம் போய்ச் சொன்னேன். அவர் நாற்பது வருசமாகப் பின்னுகிறவர். மேசைவிரிப்பு, தொப்பி, சாமிப்படத்துக்கு ரேந்தை என்று ஒழுங்கை முழுக்க அவருடைய கண்ணிதான். எத்தனை கொடுத்தீர்கள், எவ்வளவு வந்தது என்று ஒருக்காலும் எழுதி வைத்ததில்லை. “ஆரும் கேட்டால் குடுக்கிறது, தந்தால் வாங்கிறது” என்றார்.

பிறகு நான் கொட்டியாரத்தில் பிடிபட்ட மாலுமியின் கதையைச் சொன்னேன். மூதூர் புளியமரம், கண்டி, பருத்தி நூல், தொப்பி எல்லாம். அன்ரி கொக்கியை நிறுத்தவில்லை. கண்ணி எண்ணுகிற ஆளை இடையில் குழப்பக்கூடாது என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். வரிசையை முடித்து, பின்னைக் கொளுவிவிட்டு நிமிர்ந்தார்.

“நூல் மூண்டெண்டால் தொப்பி என்ன விலைக்கு வித்தவன் எண்டு சொன்னனீ?”

“ஒன்பது, அன்ரி.”

அவர் பக்கத்தில் கிடந்த ஊல் பந்தை எடுத்து, அதில் ஒட்டியிருந்த விலைத்துண்டைக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். பிறகு, “அந்தக் கொப்பியையும் பேனையையும் இஞ்சால எடு” என்றார்.